தட்டிலா, தரையிலா? நாய்த் தெள்ளுக்கு இயற்கை வழிகளும் உணவுத் தேர்வுகளும்

நாய் வளர்ப்பவர்களிடம் தெள்ளுப்பூச்சி பற்றிப் பேச்செடுத்தால் இரண்டே நிமிடத்தில் பேச்சு சாப்பாட்டுப் பக்கம் போய்விடும். "சாப்பாட்டில் கொஞ்சம் பூண்டு சேருங்கள், கிட்டவே வராது" என்பார் ஒருவர். "பாக்கெட் உணவை நிறுத்திவிட்டுப் பச்சை இறைச்சி கொடுத்துப் பாருங்கள், ரத்தமே மாறிவிடும்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் வினிகர் பாட்டிலைக் கையில் கொடுப்பார். எல்லோரும் நாய்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இதில் கலந்துவிட்டன. தெள்ளை எப்படி ஒழிப்பது என்பது ஒன்று. நாய்க்கு எந்தச் சாப்பாடு நல்லது என்பது வேறொன்று. இரண்டையும் இணைக்கும் பாலம் நாயின் தோல்தான். பலர் நினைப்பதுபோல ரத்தமோ வாசனையோ அல்ல.

எங்கள் நாய் குட்டியாக இருந்தபோது சொறிந்து சொறிந்தே வாலடியில் முடி கொட்டிவிட்டது. அப்போது நானும் இதே குழப்பத்தில்தான் இருந்தேன். சாப்பாட்டை மூன்று முறை மாற்றினேன், தெள்ளு குறையவே இல்லை. அதன் பிறகுதான் ஒவ்வொரு வழியையும் ஒரே கேள்வியால் அளக்கத் தொடங்கினேன்: இது தெள்ளின் எந்தப் பருவத்தை, எந்த இடத்தில் தொடுகிறது? கீழே எல்லாவற்றையும் அந்த ஒரே அளவுகோலால்தான் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். தெள்ளும் உண்ணியும் ஒன்றல்ல. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால். தோலில் வாயைப் பதித்துக்கொண்டு அசையாமல் ஒட்டியிருக்கும். தெள்ளுக்கு ஆறு கால். பக்கவாட்டில் தட்டையான உடம்போடு முடிக்குள் ஓடும், தாவும். இங்கே சொல்வதெல்லாம் தெள்ளுக்கு மட்டும்தான். உண்ணிக்கு இவற்றில் பல பொருந்தாது.

கண்ணில் படுவது நூற்றுக்கு ஐந்து

நாயின் மேல் நாம் பார்க்கும் வளர்ந்த தெள்ளு, வீட்டில் உள்ள மொத்தக் கூட்டத்தில் ஏறக்குறைய 5 சதவீதம்தான் என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. மீதியில் சுமார் 50 சதவீதம் முட்டை, 35 சதவீதம் புழு, 10 சதவீதம் கூட்டுப்புழு. இவை நாயின் மேல் இருப்பதில்லை. படுக்கையில், சோஃபா இடுக்கில், தரைவிரிப்பின் அடியில், நாய் வழக்கமாகப் படுக்கும் மூலையில் கிடக்கின்றன.

நாயின் மேல் ஏறிய பெண் தெள்ளு சில நிமிடங்களிலேயே ரத்தம் குடிக்கத் தொடங்கிவிடும். ஓரிரு நாளில் முட்டையிடும். நாளொன்றுக்கு 40 முதல் 50 வரைகூடப் போகும். முட்டை முடியில் ஒட்டாது, நாய் உதறும்போதெல்லாம் உப்புத் தூவியதுபோலக் கீழே விழும். அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்தைக் கண்டால் ஒளிந்துகொள்ளும். அதன் உணவு, தாய்த் தெள்ளு கழித்த காய்ந்த ரத்தம். கடைசியில் அது தன்னைச் சுற்றிப் பிசுபிசுப்பான கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டின் மேல் தூசி ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது. மருந்தும் எளிதில் உள்ளே போகாது. சூடும் ஈரமும் சரியாக இருந்தால் முட்டையிலிருந்து தெள்ளு வரை இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். சூழல் சரியில்லை என்றால் கூட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் காத்திருக்கும்.

கூட்டிலிருந்து அது எப்போது வெளியே வருகிறது என்பதுதான் இந்த ஒப்பீட்டுக்கே சாவி. காலடி அதிர்வு, உடல் சூடு, மூச்சில் வரும் கரியமில வாயு, இவைதான் அதை எழுப்புகின்றன. நாய் என்ன சாப்பிட்டது என்று பார்த்து எழும் பூச்சி இல்லை இது. மூச்சுவிடும், சூடுள்ள உடம்பு பக்கத்தில் இருந்தால் போதும்.

சீப்பும் குளியலும்

இயற்கை வழிகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் நான் மிகவும் நம்புவதும் சீப்புதான். பேன் சீப்பு போல நெருக்கமான பல்லுள்ளது வேண்டும். வாலடி, இடுப்பின் மேல்பக்கம், கழுத்து, தொடையின் உட்பக்கம் என்று வாரி, ஒவ்வொரு வாரலுக்கும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்க வேண்டும். வெறும் தண்ணீரில் தெள்ளு மிதந்து தப்பிவிடும். சோப்பு தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் மூழ்கிவிடும். நச்சு ஏதும் இல்லை, மருந்து போட முடியாத பிஞ்சுக் குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும்கூட ஏற்றது. வளர்ந்த தெள்ளை, அது முட்டையிடும் முன்பே நாயின் மேலேயே பிடித்துவிடுகிறது. குறை என்னவென்றால் உழைப்பு. குட்டை முடி நாய்க்குப் பத்து நிமிடம் போதும். அடர்ந்த இரட்டை முடி உள்ள நாய் என்றால் பொறுமை நிறைய வேண்டும். அப்படியும் எல்லாத் தெள்ளும் சிக்காது.

குளியல் இன்னும் வேகமாக வேலை செய்யும், ஆனால் பலன் அன்றோடு சரி. நுரை காய்ந்த பிறகு நாயின் மேல் எந்தக் காப்பும் இல்லை. மாலையில் படுக்கைக்குப் போனால் புதிய தெள்ளு ஏறிக்கொள்ளும். "குளிப்பாட்டி மூன்றே நாளில் மறுபடி வந்துவிட்டது" என்று சொல்பவர்களின் ஷாம்பு பெரும்பாலும் மோசமானதாக இருக்காது. அவர்கள் தரையைத் தொடவில்லை, அவ்வளவுதான். குளிப்பாட்டும்போது முதலில் கழுத்தைச் சுற்றி ஒரு நுரை வளையம் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் தெள்ளெல்லாம் முகத்துக்கும் காதுக்கும் ஓடிவிடும். நுரையோடு ஐந்து பத்து நிமிடம் நிற்க வைத்துவிட்டுக் கழுவுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பு தெள்ளைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் தோலின் எண்ணெயையும் உரித்தெடுத்துவிடும். அவசரத்துக்கு ஒரு முறை என்றால் சரி, வாரா வாரம் வேண்டாம். நாய்க்கென்று உள்ள மென்மையான ஷாம்புவே போதும்.

இரண்டில் ஒன்று என்றால் சீப்பையே எடுப்பேன். தினமும் செய்யலாம், தோலைக் காயவைக்காது, எத்தனை தெள்ளு இருக்கிறது என்று கணக்கும் கொடுக்கும்.

தரையில் செய்பவை

இங்கேதான் இயற்கை வழி உண்மையிலேயே ஜெயிக்கிறது. 2007-ல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேக்யூம் கிளீனரால் தெள்ளுகளை உறிஞ்சிப் பார்த்தார்கள். வளர்ந்த தெள்ளில் 96 சதவீதம் செத்துப்போனது. இளம் பருவத்தில் இருந்தவை அனைத்தும் செத்தன. உறிஞ்சும் வேகத்தில் அடிபட்டே செத்துவிடுகின்றன என்பது அதன் சாரம். இன்னொரு நன்மையும் உண்டு. வேக்யூம் தரும் அதிர்வால் கூட்டுக்குள் தூங்குவது எழுந்து வெளியே வரும், அடுத்த தடவை உறிஞ்சும்போது மாட்டும். தெள்ளு அதிகமாக உள்ள நாட்களில் தினமும், பிறகு வாரம் இரண்டு மூன்று முறை. சோஃபா மெத்தைக்கு அடியிலும், சுவரோரத்திலும், நாய் போகும் வண்டி இருக்கையிலும் மறக்காமல் செய்ய வேண்டும். வேக்யூம் இல்லாத வீட்டில் நன்றாகக் கூட்டி, சோப்புத் தண்ணீரில் துடைப்பதும் முட்டையையும் புழுவின் உணவையும் எடுத்துவிடும். வழவழப்பான தரையில் இது நன்றாகவே பலிக்கும்.

நாயின் படுக்கைத் துணியை வாரம் ஒரு முறை 60 டிகிரிக்குக் குறையாத சூட்டில் துவைத்தால் எல்லாப் பருவமும் போய்விடும். துவைக்க எடுக்கும்போது படுக்கையை உதறாமல் சுருட்டி எடுங்கள். உதறினால் முட்டை வீடெல்லாம் பரவும். அப்புறம் ஈரப்பதம். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் புழு காய்ந்து செத்துவிடும். வெயிலும் காற்றும் வரும் இடத்துக்கு நாயின் படுக்கையை மாற்றுவது இதனால்தான் பலன் தருகிறது.

இவற்றோடு ஒப்பிட்டால் டயாட்டமேசியஸ் எர்த் பொடி எனக்குப் பாதி மனசுதான். நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகளால் ஆன பொடி அது. பூச்சியின் மேல் உள்ள மெழுகுப் படலத்தைச் சிதைத்து உலரவைத்துக் கொல்கிறது. விஷம் இல்லை என்பது சரி, ஆனால் காய்ந்திருக்கும் வரைதான் வேலை செய்யும். தூசி கிளம்பினால் நாயின் நுரையீரலுக்கும் நம் நுரையீரலுக்கும் கெடுதல். நாயின் உடம்பிலேயே தூவச் சொல்கிறார்கள், அதை நான் செய்ய மாட்டேன். மூக்கு தரையை ஒட்டி இருக்கும் பிராணி அது, நாளெல்லாம் சுவாசிக்கும். நாய் போகாத இடுக்குகளில், உணவுத் தரப் பொடியாகப் பார்த்து, லேசாகத் தூவி, சில நாள் கழித்து முகமூடி போட்டுக்கொண்டு எடுத்துவிடுவது என்றால் சரி. நீச்சல் குள வடிகட்டிக்கு விற்கும் வகையைத் தொடவே கூடாது, அதில் உள்ள படிகச் சிலிக்கா ஆபத்தானது.

போராக்ஸும் போரிக் அமிலமும் தரையில் உள்ள புழுவைக் கொல்லும். ஆனால் பாதத்தை நக்கும் நாயும் தவழும் குழந்தையும் உள்ள வீட்டுக்கு ஆகாது. தோட்டம் இருந்தால் ஸ்டெய்னர்நீமா கார்போகாப்சே என்ற நூற்புழுவைத் தண்ணீரில் கலந்து, நிழலான ஈர மண்ணில் ஊற்றலாம். மண்ணில் உள்ள தெள்ளுப் புழுவைத் தேடிப்போய் அழிக்கும், நாய்க்கும் மனிதருக்கும் ஒன்றும் செய்யாது. மண் காய்ந்தால் அதுவும் செத்துவிடும். ஒலியலை எழுப்பித் தெள்ளை விரட்டும் என்று விற்கும் கழுத்துப்பட்டை சோதனைகளில் தேறவில்லை.

மேலே தடவுபவை

வேப்பெண்ணெய், வினிகர், வாசனை எண்ணெய்கள் மூன்றையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுவது வழக்கம். மூன்றும் வெவ்வேறு ரகம்.

வேப்பெண்ணெய்க்கு அறிவியல் அடிப்படை உண்டு. அதில் உள்ள அசாடிராக்டின் பூச்சியின் வளர்ச்சியையும் தோலுரிப்பையும் குலைக்கிறது. ஆனால் வெளிச்சத்தில் சீக்கிரம் சிதைந்துவிடும், நாயின் முடியில் நீண்ட நாள் நிற்காது. வாடை அதிகம் என்பதால் நாய் அதை நக்கி எடுக்கப் பார்க்கும், உள்ளுக்குப் போவது நல்லதல்ல. ஷாம்புவில் சில துளி சேர்ப்பது, அல்லது நாய்க்கென்றே தயாரித்த வேப்பம் ஷாம்பு வாங்குவது என்ற அளவில் இதைத் துணையாக வைத்துக்கொள்ளலாம். இதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

ஆப்பிள் சைடர் வினிகருக்கு அதுவும் இல்லை. தெள்ளைக் கொல்கிறது அல்லது விரட்டுகிறது என்பதற்கு நம்பும்படியான சான்று கிடையாது. நாயின் தோல் மனிதத் தோலைப் போல அமிலத்தன்மை உள்ளதல்ல, நடுநிலைக்கு நெருங்கியது. சொறிந்து புண்ணான இடத்தில் வினிகர் பட்டால் எரியும். ஏற்கெனவே துன்பப்படும் பிராணிக்கு இன்னொரு எரிச்சலைச் சேர்ப்பானேன்?

வாசனை எண்ணெய்கள்தான் எனக்குக் கவலை தருகின்றன. "இயற்கை" என்ற ஒரே சொல்லில் பலரும் ஏமாறும் இடம் இது. டீ ட்ரீ ஆயிலைக் கலக்காமல் பயன்படுத்தியதால் நச்சேறிய நாய்களும் பூனைகளுமாக 443 பிராணிகளின் விவரங்கள் 2002 முதல் 2012 வரையிலான பதிவுகளிலிருந்து தொகுத்து வெளியிடப்பட்டன. சோர்வு, தள்ளாட்டம், நடுக்கம், எச்சில் ஒழுகுதல் ஆகியவை அவற்றில் கண்ட அறிகுறிகள். தெள்ளுக்காகப் பென்னிராயல் என்ற புதினா இனச் செடியின் எண்ணெயைத் தடவிய ஒரு நாய் இறந்துபோனது 1992-ல் கால்நடை மருத்துவ இதழில் பதிவானது. அந்த எண்ணெயில் உள்ள புலிகோன் ஈரலைத் தாக்குகிறது. வீட்டில் பூனையும் இருந்தால் ஆபத்து கூடும். பூனையின் ஈரலால் இந்த வகைப் பொருட்களைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது, நாயோடு ஒட்டிப் படுத்தாலே போதும். எந்த எண்ணெய், எத்தனை சதவீதம் என்ற விவரம் இல்லாத "மூலிகை ஸ்ப்ரே"யை வாங்காதீர்கள்.

உள்ளே கொடுப்பவை: பூண்டும் ஈஸ்டும்

சாப்பாட்டின் வழியே தெள்ளை விரட்டலாம் என்ற நம்பிக்கைக்கு இரண்டு தூண்கள். ஒன்று பூண்டு, மற்றது பீர் தயாரிக்கப் பயன்படும் ப்ரூவர்ஸ் ஈஸ்ட்.

ஈஸ்ட் பெரும்பாலான நாய்களுக்குக் கெடுதல் செய்யாது. பி வைட்டமின்கள் இருக்கின்றன, நாய்க்கும் பிடிக்கும். ஆனால் 1983-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு அதைத் தெள்ளுக்கு எதிராகச் சோதித்துப் பார்த்து, பலன் இல்லை என்று சொல்லிவிட்டது. பி1 வைட்டமின் மாத்திரை பற்றிய நம்பிக்கையும் அதே கதைதான். கொடுத்தால் வீண், அவ்வளவே.

பூண்டு வீணோடு நிற்காது. வெங்காயமும் பூண்டும் ஒரே குடும்பம். இவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகையில் கொண்டுபோய் விடும். 2000-ம் ஆண்டில் வெளியான ஜப்பானிய ஆய்வில், உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் பூண்டுக்குச் சமமான சாற்றை ஏழு நாள் கொடுத்தபோது நாய்களின் சிவப்பணுக்களில் சிதைவு தெரிந்தது. "அவ்வளவு யார் கொடுப்பார்கள், நான் ஒரு பல்தான் கொடுக்கிறேன்" என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அந்த ஒரு பல் தெள்ளை விரட்டுவதற்கும் நல்ல சான்று இல்லை. தெள்ளு ஏற்கெனவே ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கும் ஒரு நாய்க்கு, ரத்தத்தைக் கெடுக்கக்கூடிய ஒன்றைத் தினமும் கொடுப்பதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. பலனும் இல்லை, ஆபத்தும் உண்டு. ஆகவே ஈஸ்டைவிடப் பூண்டு ஒரு படி கீழே.

அப்படியானால் சாப்பாடு எதற்கு?

தோலுக்கு. தோல் நன்றாக இருந்தால் தெள்ளு வராமல் இருக்காது. ஆனால் கடித்த இடம் சீக்கிரம் ஆறும், சொறிந்த புண்ணில் கிருமி தொற்றுவது குறையும், முடி திரும்ப முளைக்கும். நாயின் உணவுப் புரதத்தில் கணிசமான பங்கு தோலுக்கும் முடிக்குமே போகிறது. லினோலிக் அமிலம், துத்தநாகம், வைட்டமின் ஈ ஆகியவை குறைந்தால் முதலில் காட்டிக்கொடுப்பதும் தோல்தான். இந்தக் கண்ணோடு மூன்று உணவு முறைகளையும் பார்க்கலாம்.

*பாக்கெட் உணவு.* இதன் பெரிய பலம் முழுமை. "முழுமையான, சமச்சீர் உணவு" என்று உறையில் போட்டு, எந்த வயதுக்கு என்றும் குறித்திருந்தால், விலங்கு உணவுக்கு அளவு வகுக்கும் அமைப்புகளான அமெரிக்காவின் ஆஃப்கோ அல்லது ஐரோப்பாவின் ஃபெடியாஃப் சொல்லும் அளவுகளை எட்டியிருக்க வேண்டும் என்று பொருள். வளர்ந்த நாய்க்கு ஈரம் நீக்கிய கணக்கில் குறைந்தது 18 சதவீதம் புரதம், வளரும் குட்டிக்கு 22.5 சதவீதம் என்பது ஆஃப்கோ அளவு. இந்த "ஈரம் நீக்கிய கணக்கு" தெரியாமல்தான் பலர் தவறாக ஒப்பிடுகிறார்கள். டின் உணவில் 8 சதவீதம் புரதம், உலர் உணவில் 24 சதவீதம் என்று போட்டிருந்தால் டின்னை மட்டமாக நினைப்போம். டின்னில் 78 சதவீதம் தண்ணீர். மீதி 22-ல் 8 என்றால் ஏறக்குறைய 36 சதவீதம் புரதம். உலர் உணவில் தண்ணீர் 10 சதவீதம்தான். மீதி 90-ல் 24 என்றால் சுமார் 27 சதவீதம். டின்தான் மேல்.

குறை, திறந்து வைத்த பையில் கொழுப்பு காறிப்போவது. தோலுக்கு உதவும் கொழுப்பு அமிலங்கள்தான் முதலில் கெடும். பெரிய பையாக வாங்கி மாதக்கணக்கில் வைக்காமல், அதே பையில் இறுக்கி மூடி, சூடு படாத இடத்தில் வையுங்கள்.

*வீட்டுச் சமையல்.* என்ன போடுகிறோம் என்பது நமக்குத் தெரியும், நாயும் ஆசையாகச் சாப்பிடும். ஆனால் அன்பு மட்டும் இருந்தால் சமச்சீர் வந்துவிடாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைக் கணக்கிட்டு 2013-ல் வெளியிட்டார்கள். 95 சதவீதக் குறிப்புகளில் குறைந்தது ஓர் அத்தியாவசியச் சத்தாவது போதவில்லை. பெரும்பாலானவற்றில் ஒன்றுக்கு மேல் போதவில்லை. துத்தநாகம், கோலின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ ஆகியவை அடிக்கடி குறைந்தவை. தோலுக்கு எது வேண்டுமோ அதுதான் குறைகிறது என்பதைக் கவனியுங்கள்.

கோழியும் சோறும் காய்கறியும் என்பது பலர் கொடுக்கும் கலவை. வயிறு சரியில்லாத இரண்டு நாளுக்கு அது நல்லது. இரண்டு வருடத்துக்கு அது போதாது. எலும்பில்லாத இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. நாய்க்கு இந்த இரண்டும் கால்சியம் 1-க்கு பாஸ்பரஸ் 1 என்பதிலிருந்து கால்சியம் 2-க்கு பாஸ்பரஸ் 1 என்பது வரைக்குள் இருக்க வேண்டும். வளரும் குட்டியில் இது தவறினால் எலும்பே வளைந்துவிடும். முட்டை ஓட்டுப் பொடி ஒரு கிராமில் சுமார் 380 மில்லிகிராம் கால்சியம் உண்டு, ஆனால் அது கால்சியத்தை மட்டும்தான் சரிசெய்யும். வீட்டுச் சமையல்தான் என்று முடிவெடுத்தால், கால்நடை ஊட்டச்சத்து நிபுணர் ஒருவரிடம் உங்கள் நாயின் எடைக்கும் வயதுக்கும் குறிப்பு எழுதி வாங்கி, அவர் சொல்லும் தாது, வைட்டமின் கலவையைச் சேர்த்து, அளவு மாறாமல் செய்யுங்கள். அப்படிச் செய்தால் மிக நல்ல உணவு.

*பச்சை இறைச்சி.* "நாய் என்பது ஓநாய்தானே" என்பதுதான் இதன் அடிப்படை வாதம். 2013-ல் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுக்களில் நாய் ஓநாயிலிருந்து விலகி வந்துவிட்டதைக் காட்டியது. மனிதனோடு வாழ்ந்ததில் அதன் குடலும் மாறியிருக்கிறது. கிருமிகள் பற்றிய கேள்வி இன்னும் பெரியது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை 196 பச்சை இறைச்சி உணவு மாதிரிகளைச் சோதித்தபோது 15-ல் சால்மொனெல்லாவும் 32-ல் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸும் இருந்தன. உறைய வைத்தால் இவை சாகாது.

தெள்ளோடு சேர்த்துப் பார்த்தால் இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தெள்ளுக்கடி உள்ள நாய் நாளெல்லாம் தன் உடம்பை நக்கும், கடிக்கும். பச்சை இறைச்சி சாப்பிட்ட வாய் அது. வாயில் உள்ளது முடிக்கும், திறந்த புண்ணுக்கும், அதைத் தடவும் நம் கைக்கும் வரும். தெள்ளு அதிகமாக இருக்கும் காலத்தில் பச்சை இறைச்சிக்கு மாறுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். குழந்தைகளோ முதியவர்களோ நோய் எதிர்ப்பு குறைந்தவர்களோ உள்ள வீட்டில் எந்தக் காலத்திலும் சொல்ல மாட்டேன்.

எந்த உணவானாலும் தோலுக்காக மேலே சேர்க்கும் எண்ணெய்களில் மீன் எண்ணெய்தான் முன்னால் நிற்கிறது. அதில் உள்ள ஈ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. என்ற ஒமேகா-3 அமிலங்கள் தோலின் அழற்சியைக் குறைக்க உதவும். பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும், அளவு மிஞ்சினால் வயிறு போகும். மீன் ஈரல் எண்ணெய் வேறு. அதில் ஏ, டி வைட்டமின்கள் செறிவாக உள்ளதால் அதே அளவில் கொடுத்தால் நச்சாகிவிடும். ஆளி விதை எண்ணெயின் ஒமேகா-3 வேறு வகை, அதை நாயின் உடம்பு சொற்ப அளவுக்குத்தான் ஈ.பி.ஏ., டி.ஹெச்.ஏ.வாக மாற்றிக்கொள்ளும். தேங்காயெண்ணெயில் ஒமேகா-3 இல்லவே இல்லை. முடி பளபளக்கலாம், கலோரியும் ஏறும்.

சொறிவது தெள்ளாலா, சாப்பாட்டாலா?

எங்கள் வீட்டில் சாப்பாட்டை மூன்று முறை மாற்றியது இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்காததால்தான். தெள்ளு ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், தெள்ளின் எச்சில்தான் காரணம். அரிப்பு பெரும்பாலும் இடுப்பின் பின்பகுதி, வாலடி, தொடையின் உட்பக்கம் என்று உடம்பின் பின்பாதியில் இருக்கும். உணவு ஒவ்வாமை என்றால் காது, பாதம், முகம், வயிறு என்று பரவலாக இருக்கும், பருவம் பாராது. சிலவற்றுக்கு வயிற்றுப்போக்கும் சேரும். 2016-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், உணவு ஒவ்வாமை உள்ள 297 நாய்களில் 34 சதவீதத்துக்கு மாட்டிறைச்சி, 17 சதவீதத்துக்குப் பால் பொருட்கள், 15 சதவீதத்துக்குக் கோழி, 13 சதவீதத்துக்குக் கோதுமை காரணமாக இருந்தன. எல்லாப் பழியையும் தானியத்தின் மேல் போடுவது சரியில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி, சந்தேகப்படும் பொருட்களை நீக்கி மருத்துவர் சொல்லும் விலக்கு உணவை எட்டு வாரம் கொடுத்து, வேறு எதுவும் வாயில் படாமல் பார்த்து, பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்துச் சோதிப்பது. அந்த எட்டு வாரமும் தெள்ளுக் கட்டுப்பாடு இறுக்கமாக இருக்க வேண்டும். நடுவில் நாலு தெள்ளு கடித்தாலும் அரிப்பு எதனால் என்று சொல்ல முடியாமல் போய்விடும். அதனால் முதலில் தெள்ளு, பிறகுதான் உணவு.

மருந்தை எப்போது எடுப்பது

இயற்கைக்கும் மருந்துக்கும் நடுவே உள்ள கோடு நாம் நினைப்பதுபோல நேராக இல்லை. நாய்களுக்கு மாத்திரையாகக் கொடுக்கும் ஸ்பினோசாட் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து வருவது. பைரித்ரின் என்ற பூச்சிக்கொல்லி சாமந்தி இனப் பூவிலிருந்து எடுப்பது. அதைப்போல ஆய்வகத்தில் செய்த பெர்மெத்ரின் நாய் தாங்கும் அளவிலேயே பூனையைக் கொல்லலாம். பிறப்பிடத்தைவிட அளவும், எந்தப் பிராணி என்பதும்தான் முக்கியம்.

தெள்ளைக் கொல்லும் ஐசாக்ஸஸோலின் வகை மாத்திரைகள் இன்று மிகப் பலன் தருபவை. இவற்றால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று 2018-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது, ஆனால் பெரும்பாலான நாய்களுக்கு இவை பாதுகாப்பானவை என்றும் சொன்னது. உங்கள் நாய்க்கு வலிப்பு வந்த வரலாறு இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

ஒரு வளர்ந்த, ஒவ்வாமை இல்லாத நாய், சில தெள்ளு என்றால் சீப்பும் வேக்யூமும் வெந்நீர்த் துவைப்பும் போதுமா என்று முயன்று பார்க்கலாம். குட்டியின் ஈறு வெளுத்திருந்தால், தெள்ளு ஒவ்வாமை இருந்தால், புண் சீழ் வைத்தால், மலத்தில் அரிசி மணி போல நாடாப்புழுத் துண்டுகள் தெரிந்தால் முயன்று பார்க்கும் நேரம் அல்ல. பிஞ்சுக் குட்டி தெள்ளு குடிக்கும் ரத்தத்தாலேயே இறந்துபோகலாம். அன்றே மருத்துவரிடம் போங்கள். நாடாப்புழு, தெள்ளை நாய் கடித்து விழுங்குவதால் வருவது. புழு மருந்து மட்டும் கொடுத்துத் தெள்ளை விட்டுவிட்டால் மறுபடி வரும். மருந்து கொடுத்தாலும் தரை வேலை நிற்கக் கூடாது, கூட்டுக்குள் இருப்பவை இன்னும் பல வாரம் வெளிவந்துகொண்டே இருக்கும். "மருந்து வேலை செய்யவில்லை" என்று பலர் இந்த நாட்களில்தான் கைவிட்டுவிடுகிறார்கள். மூன்று மாதம் பொறுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் பலிக்கிறதா என்று பார்க்க ஒரு வெள்ளைத் தாள் போதும். நாயை அதன் மேல் நிறுத்தி வாலடியில் சீப்பால் வாருங்கள். விழும் கருப்புத் துகள் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளு கழித்த ரத்தம், கரையாவிட்டால் வெறும் அழுக்கு. வாரம் ஒரு நாள், அதே இடத்தில், அதே அளவு வாரி, செம்பழுப்புப் புள்ளிகளை எண்ணித் தேதியோடு குறித்து வையுங்கள். ஆறு வாரம் தொடர்ந்து எண்ணிக்கை இறங்கினால் உங்கள் வழி பலிக்கிறது. இறங்கவில்லை என்றால் நாயின் தட்டை மாற்றும் முன், அது எந்த மூலையில் படுக்கிறது, அங்கே கடைசியாக எப்போது சுத்தம் செய்தோம் என்று பாருங்கள்.